பழைய காருக்குக் கட்டம் போட்ட இருக்கைத் துணி: டெல்டாவில் இருப்பவர் குறைந்த செலவில் வாங்கும் வழி

தாத்தா காலத்து அம்பாசடரையோ பத்மினியையோ மீண்டும் ஓட வைத்தவர்கள், என்ஜின் வேலையும் டிங்கரிங்கும் பெயின்டும் முடிந்த பிறகு கடைசியாக வந்து நிற்கும் இடம் இருக்கை. ரெக்சின் வெடித்து, தேங்காய் நார் வெளியே தெரிய, ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் அந்த இருக்கையில் கட்டம் போட்ட துணியைத் தைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஐரோப்பியக் கார்களுக்கென்றே நெய்த துணிகள் முதலில் கண்ணில் படுகின்றன. அவற்றின் விலையோடு அனுப்பும் கூலியும் சுங்க வரியும் சேரும்போது, பெயின்டுக்குச் செலவிட்டதைவிடத் துணிக்கு அதிகம் ஆகிவிடும் என்று அஞ்சிப் பலர் மறுபடியும் ரெக்சினுக்கே திரும்பிவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இருப்பவருக்கு, காவிரி வரும் வழியிலேயே மேற்கே சென்றால், கனமான கட்டத்துணி நெய்யும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எவ்வளவு வாங்குவது என்பவற்றைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கட்டம் போட்ட இருக்கை என்பது சில கார்களுக்கே பிறவியில் வந்தது. 1950-களின் மெர்சிடிஸ் 300 எஸ்எல், 1970-களின் சில போர்ஷ் கார்கள், 1976-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஆகியவை அந்த வகை. கோல்ஃப் காரின் அந்தத் துணியைத் தேர்ந்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற வடிவமைப்பாளர். உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடருக்கோ, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கோ இது உரியதன்று. அவற்றில் பெரும்பாலும் இருந்தது ரெக்சின்தான். ஆகவே உங்கள் காரைப் பழைய கார்க் கண்காட்சியில் அசல் நிலையில் நிறுத்தும் எண்ணம் இருந்தால், கட்டத்துணியை யோசிக்கவே வேண்டாம். வீட்டு விசேஷங்களுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் நீங்களே ஓட்டப்போகும் கார் என்றால் தாராளமாகச் செய்யலாம். எப்படியானாலும் பழைய உறைகளைப் பிரித்த பிறகு எறிந்துவிடாதீர்கள். அவையே வெட்டுவதற்கான அளவுத் தாள்; பிற்காலத்தில் காரை அசல் நிலைக்கு மாற்ற விரும்புபவருக்கு ஆதாரமும் அவைதான்.

துணிக்கு முன்னால் தண்ணீர்

டெல்டாவில் இந்த வேலையைத் தொடங்குபவர் துணிக்கடைக்குப் போகும் முன் காரின் தரையைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முன்கண்ணாடி ரப்பர் வழியாகவும் கதவு பீடிங் வழியாகவும் நீர் இறங்கி, தரை விரிப்புக்கு அடியில் வாரக் கணக்கில் தேங்கி நிற்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ரெக்சின் இந்த ஈரத்தைச் சகித்துக்கொள்ளும். நூல் துணி சகிக்காது. ஒரே மழைக்காலத்தில் அடிப்புறத்தில் கறுப்புப் பூஞ்சை பிடித்து, காருக்குள் ஏறும்போதே நாற்றம் அடிக்கும். எனவே ரப்பரை மாற்றி, தரைத் தகட்டின் துருவை நீக்கி, ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றி உள்ளே கசிவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே துணியைத் தேடத் தொடங்குங்கள். தைக்கும் வேலையையும் தை மாதத்துக்கும் புரட்டாசிக்கும் இடையே, நல்ல வெயில் உள்ள காலத்தில் வைத்துக்கொள்வது உசிதம்.

எவ்வளவு துணி வேண்டும்

செலவைப் பாதியாகக் குறைக்கும் முடிவு இந்த இடத்தில்தான் இருக்கிறது. இருக்கை முழுவதையும் கட்டத்துணியால் மூட வேண்டியதில்லை. உட்காரும் பகுதியின் நடுவிலும் முதுகு சாயும் பகுதியின் நடுவிலும் மட்டும் கட்டத்துணியை வைத்து, ஓரங்கள், முன் விளிம்பு, பின்புறம் ஆகியவற்றை ஒற்றை நிற ரெக்சினில் தைத்துவிடலாம். இது சிக்கனத்துக்காகச் செய்யும் சமரசம் அன்று. கோல்ஃப் ஜிடிஐ உள்ளிட்ட கார்களிலும் நடுவில் கட்டமும் ஓரத்தில் ஒற்றை நிறமும்தான் இருந்தன. ஏறி இறங்கும்போது உராய்ந்து முதலில் நைவது ஓரங்களே. அங்கே ரெக்சின் இருப்பதுதான் முறை. தவிர, முழுவதும் கட்டமாக உள்ள இருக்கை ஒரு சிறிய காருக்குள் கண்ணை உறுத்தும் என்பது என் கருத்து.

முன்னும் பின்னும் நீள இருக்கை உள்ள அம்பாசடர் போன்ற காருக்கு, நடுப்பகுதி மட்டும் என்றால் 54 அங்குல அகலத் துணி பொதுவாக நான்கு முதல் ஐந்து மீட்டர் பிடிக்கும். முழுவதும் மூடுவதென்றால் எட்டு முதல் பத்து மீட்டர் வரை போகும். இவை தோராயமான அளவுகளே. உங்கள் இருக்கையின் ஒவ்வொரு துண்டையும் அளந்து, தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் சேர்த்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கட்டத்துணியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நிறக் கோட்டிலிருந்து, அதே வரிசையில் அதே கோடு மீண்டும் வரும் இடம் வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 22 அங்குலத் துண்டு வேண்டுமென்றால் 24 அங்குலம் வெட்ட வேண்டும். 25 அங்குலத் துண்டுக்கு 30 அங்குலம் வெட்ட வேண்டும். அப்போதுதான் அடுத்த துண்டும் அதே கோட்டில் தொடங்கி, இருக்கையின் கட்டமும் முதுகின் கட்டமும் ஒரே நேர்கோட்டில் சந்திக்கும். கட்டம் பெரிதாகப் பெரிதாக வீணாகும் துணியும் கூடும். முதன்முறையாகச் செய்பவர் மூன்று, நான்கு அங்குலத்துக்கு மேற்படாத கட்டத்தைத் தேர்வது நல்லது. அத்துடன் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

அகலத்தையும் கவனியுங்கள். கைத்தறித் துணி பெரும்பாலும் 36 முதல் 48 அங்குலமே இருக்கும். இருக்கைத் துணியாக விசைத்தறியில் நெய்தது 54 அங்குலம் வரும். 36 அங்குலத் துணி மீட்டர் விலையில் மலிவாகத் தோன்றினாலும், 54 அங்குலத் துணியின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இருந்தால்தான் உண்மையில் மலிவு. நீள இருக்கைக்கு அகலம் போதாதபோது துணியைக் குறுக்கே திருப்பிப் போடலாம். ஆனால் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே வரிசையில் நிறங்கள் வரும் சமச்சதுரக் கட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும். கட்டம் நீள்சதுரமாக இருந்தால், திருப்பிய துண்டு வேறு துணி போலத் தெரியும்.

எங்கே தேடுவது

முதல் இடம் கரூர். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஈரோடு செல்லும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. மேசை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துணி, மெத்தை உறை என்று வீட்டு உபயோகத் துணிகளை வெளிநாடுகளுக்கு நெய்து அனுப்பும் ஊர் அது. அங்குள்ள தறிகளுக்குத் தடித்த நூலில் கட்டம் போடுவது அன்றாட வேலை. ஏற்றுமதியில் மிஞ்சியதும், சிறு குறையால் திருப்பப்பட்டதும் உள்ளூரில் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. இப்படிப்பட்ட சரக்கை எடைக் கணக்கில் தருபவர்களும் உண்டு. அப்போது ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்பதை நீங்களே கணக்கிட வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள 54 அங்குலத் துணி ஒரு மீட்டர் ஏறத்தாழ 410 கிராம் இருக்கும். அதாவது ஒரு கிலோவுக்கு இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குறையுள்ள தானை (வெட்டாத முழுத் துணிச் சுருளை) வாங்கும்போது முழுவதையும் விரித்துப் பாருங்கள். அறுந்த இழையும் எண்ணெய்க் கறையும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டால், அந்த இடங்களைத் தவிர்த்து வெட்ட முடியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கரூருக்குப் போக இன்னொரு காரணமும் இருக்கிறது. பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் அந்த ஊர் பெயர் பெற்றது. அதனால் வாகன இருக்கைக்கான ரெக்சின், ஃபோம், தடித்த தையல் நூல், பைப்பிங் (தையல் விளிம்பில் வைக்கும் உருண்டை நாடா) ஆகியவற்றை விற்கும் கடைகளும் அங்கே உண்டு. துணியைக் கையில் வைத்துக்கொண்டே அதற்கு இணையான ரெக்சின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடிவது பெரிய வசதி. வீட்டுக்கு வந்த பிறகு கைப்பேசிப் படத்தை வைத்து நிறம் பொருத்துவது சரியாக வருவதில்லை.

இரண்டாவது ஈரோடு. திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் கனி மார்க்கெட் வாரச் சந்தையில் வியாபாரம் பெரும்பாலும் மொத்தமாகவே நடக்கும் என்பதால், நான்கு மீட்டர் மட்டும் கேட்பவருக்கு எல்லாக் கடையிலும் மரியாதை கிடைக்காது. ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள சென்னிமலையில் நெய்யும் கைத்தறிப் போர்வைகளையும் பாருங்கள். 90-க்கு 100 அங்குலப் போர்வை ஒன்றின் பரப்பு, 54 அங்குலத் துணி நான்கு மீட்டரின் பரப்பைவிடச் சற்று அதிகம். கட்டத்தின் அளவும் எடையும் சரியாக அமைந்துவிட்டால், ஒரே போர்வையில் இரண்டு இருக்கைகளின் நடுப்பகுதியும் முடிந்துவிடும். கரையில் வரும் பட்டைக் கோட்டைக் கழித்துக் கணக்கிட மறக்க வேண்டாம்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டிலும் பெரிய கடை வீதியிலும், தஞ்சாவூர், கும்பகோணம் கடைத்தெருக்களிலும் சோபா துணி விற்கும் கடைகளில் கேட்கலாம். ஆடித் தள்ளுபடியில் தானின் கடைசியில் மிஞ்சிய நான்கைந்து மீட்டர்த் துண்டுகளைக் கட்பீஸாகத் தள்ளிவிடுவார்கள். உங்கள் தேவையும் ஏறத்தாழ அவ்வளவே. கைலித் துணியையும் சட்டைக்கான மெட்ராஸ் செக்ஸையும் மட்டும் வாங்காதீர்கள். கட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை உடம்புக்கு நெய்தவை. இருக்கையில் மாதக் கணக்கில்கூட நிற்காது.

நிறத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வயலுக்கும் கோயிலுக்கும் போய்வரும் காரில் வண்டல் மண் ஒட்டிய கால்களோடுதான் ஏறுவார்கள். வெளிர் நிறம் உதவாது. பழுப்பு, கரும்பச்சை, அரக்கு ஆகியவை வெள்ளை அம்பாசடருக்கு நன்றாகப் பொருந்தும்.

துணியைச் சோதிக்கும் முறை

கடையில் முதல் கேள்வி, "அண்ணே, இது சாய நூலில் நெய்ததா, பிரிண்டா?" என்பதாக இருக்கட்டும். பதில் எதுவானாலும் நீங்களே பார்த்துவிட முடியும். கூறைநாட்டுக் கூறைப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிது. பாவில் (நெடுக்கு இழையில்) ஒரு நிறமும் ஊடையில் (குறுக்கு இழையில்) ஒரு நிறமும் ஓடி, இரண்டும் குறுக்கிடும் சதுரத்தில் மட்டும் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் தெரியும். துணியைத் திருப்பினால் பின்புறமும் அதே கட்டம் அதே அழுத்தத்தில் இருக்கும். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினால் அது முழு நீளத்துக்கும் ஒரே நிறமாக இருக்கும். அச்சிட்ட துணியில் உருவிய இழை புள்ளி புள்ளியாக நிறம் மாறும், பின்புறம் வெளிறியிருக்கும். அச்சிட்டதை எடுக்காதீர்கள். தேயத் தொடங்கியதும் உட்காரும் இடத்தில் கட்டம் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டு தெரியும்.

அடுத்தது எடை. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றை நேராக வெட்டி, தெருமுனை நகைக்கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். அதன் கிராம் எடையை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை கிடைக்கும். மூன்று கிராம் என்றால் 300. இருக்கைக்கு 250-க்குக் குறையாமல், 300 முதல் 400 வரை இருப்பது நல்லது. 200-ஐ ஒட்டிய போர்வைத் துணியையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் அடியில் காடா துணியை (வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணியை) வைத்து இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை, கட்டத்துணிக்கு மட்டும் உரியது. துணியை இரண்டாக மடித்துக் கரையோடு கரை சேர்த்துப் பிடியுங்கள். குறுக்குக் கோடுகள் இரண்டு மடிப்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தால், நெய்த பிறகு நடந்த சலவையிலும் சூட்டுப் பதத்திலும் துணி கோணிவிட்டது என்று பொருள். ஒற்றை நிறத் துணியில் இது யார் கண்ணிலும் படாது. கட்டத்திலோ, எவ்வளவு தேர்ந்த கையால் தைத்தாலும் இருக்கை கோணலாகவே தெரியும். 54 அங்குல அகலத்தில் அரை அங்குலக் கோணலைத் தைக்கும்போது இழுத்துச் சரிசெய்துவிடலாம். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

சாயத்தைச் சோதிக்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். சாயம் கசியும் மெட்ராஸ் செக்ஸைச் சட்டையாக அமெரிக்கர்கள் 1960-களில் விரும்பி அணிந்தார்கள். கலியாணத்துக்கு வெள்ளை வேட்டியில் போகிறவர் ஏறும் காரில் அந்தக் கதை நடக்காது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் அதனால் பயனில்லை. வெயிலைச் சோதிக்க, துண்டின் பாதியை அட்டையால் மூடி, காரின் பின்கண்ணாடிக்கு அடியில் உள்ள தட்டில் இரண்டு வாரம் போட்டுவையுங்கள். அட்டையை எடுத்ததும் நடுவில் எல்லைக்கோடு தெரிந்தால், அந்தச் சாயம் சித்திரை வெயிலுக்குத் தாங்காது.

பருத்தி சுருங்கும். 50 சென்டிமீட்டர்ச் சதுரத்தைத் துணியில் குறித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தால் ஐந்து சதவீதம் சுருங்கியிருக்கிறது. மீட்டர்க் கணக்கையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். முழுத் துணியையும் வெட்டும் முன்பே இப்படி நனைத்து உலர்த்திவிடுவது கட்டாயம். கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் உவர்நீரைத் தவிர்த்து நல்ல தண்ணீரில் நனைக்க வேண்டும். துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பருத்தியோடு பாலியஸ்டர் கலந்த துணி குறைவாகச் சுருங்கும், பூஞ்சையையும் ஓரளவு தாங்கும். டெல்டாவின் ஈரத்துக்கு நான் கலப்புத் துணியையே பரிந்துரைப்பேன்.

எரிந்து பரவும் வேகத்தையும் பார்க்க வேண்டும். கார் உட்புறப் பொருள்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக் கூடாது என்பது அமெரிக்க விதி; நம் நாட்டிலும் இதற்கென்று தரநிர்ணயம் இருக்கிறது. வீட்டு உபயோகத் துணி அந்தச் சோதனையைக் கண்டிருக்காது. திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, நீளமான கீற்று ஒன்றை இடுக்கியில் கிடையாகப் பிடித்து முனையில் தீ வைத்துப் பாருங்கள். சட்டென்று பற்றி ஓடும் துணியை விட்டுவிடுங்கள். காருக்குள் புகைப்பதையும் பழைய வயரிங்கை அப்படியே விட்டுவைப்பதையும் எந்தத் துணி போட்டாலும் அனுமதிக்க முடியாது.

குஷன் கடையில் பேச வேண்டியவை

துணி உங்களுடையது, கூலி மட்டும் அவருடையது என்று முதலிலேயே தனித்தனியாகப் பேசிவிடுங்கள். தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவது, நாரைப் பிரித்து அடைப்பது, ஃபோம் வைப்பது ஆகியவற்றுக்கும் தனிக் கணக்கு கேளுங்கள். ரெக்சின் தைத்தே பழகியவர் கட்டத்தைச் சேர்க்கும் சிரமத்துக்குக் கூடுதல் கேட்பது நியாயமே. இருக்கையின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கட்டத்தின் எந்தக் கோடு அதன்மேல் விழ வேண்டும் என்று காட்டுங்கள்; அதே கோடு முதுகுப் பகுதியிலும் தொடர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வெட்டும் நேரத்தில் நீங்கள் உடன் இருப்பது நல்லது, ஏனெனில் தவறாக வெட்டிய துண்டுக்கு மாற்றாக அதே துணி மறுபடி கிடைக்காது. ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துவிட்டு, நைலான் அல்லது பாலியஸ்டர் நூலில் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பைப்பிங்கை ரெக்சினிலேயே வைப்பது உழைக்கும். இரண்டு துண்டுகளை மட்டும் முதலில் இணைத்துத் தரச் சொல்லி, தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழைகள் நகர்ந்து தையல் ஓரத்தில் ஏணிபோல் இடைவெளி தெரிந்தால், அந்தத் துணிக்கு அடியில் காடா துணி இல்லாமல் தைக்கக் கூடாது.

தைத்த இருக்கையின் மேல் பிளாஸ்டிக் உறை போட வேண்டாம். வியர்வையும் ஈரமும் அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும் நாள்களில் நான்கு கதவுகளையும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மிஞ்சிய துணியில் அரை மீட்டரையாவது ஒட்டுப்போடுவதற்காக உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்தி, வாங்கிய கடையின் பெயரையும் ரெக்சினின் நிற எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு குத்திவையுங்கள்.